வியர்வை துடைத்த கை

"ஹலோ... ஹலோ, சிஸ்டர்... நான்தான். ... ஆமா, ஆமா, நானேதான், ஆவி இல்ல. ... குரலா? மூஞ்சியில ஆக்சிஜன் மாஸ்க் இருக்கு, தூக்கிப் புடிச்சுக்கிட்டுப் பேசுறேன். ... அழாதீங்க. முதல்ல மூக்கைச் சிந்துங்க. ... ம். இப்ப சொல்லுங்க, ஏன் ஆபரேஷன் தியேட்டர் பக்கமே தலை காட்டல?"

கட்டிலின் தலைப்பக்கத்தை நிமிர்த்திச் சாய்ந்திருந்தார் சர்ஜன். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மயக்க மருந்து டாக்டர் கவச உடை மாட்டிக்கொண்டிருந்தார். அவர் உள்ளே வந்தால் சர்ஜனின் தொண்டைக்குள் குழாய் இறங்கும். அப்புறம் பேச்சு கிடையாது, மறுபடி பேசுவோமா என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. எத்தனையோ குடும்பங்களுக்கு இதைப் பக்குவமாக எடுத்துச் சொன்ன மனிதர்தான் அவர். வீட்டுக்குப் பேச வேண்டும். அதற்கு முன் இந்த நர்ஸிடம் ரெண்டு வார்த்தை சொல்லிவிடலாம் என்று நினைத்தார். ரெண்டு வார்த்தையோடு நிறுத்துகிற ஆளா அவர்?

"இல்ல சிஸ்டர், உங்களால இல்ல. ... இல்லவே இல்ல. டீ ரூம்ல நானும் நம்ம ஒட்டகமும் மாஸ்க்கைக் கழட்டி வச்சுட்டு அரட்டை அடிச்சோம். அங்கதான் ஒட்டிக்கிச்சு. ... எலும்பு டாக்டர்தான், வேற எந்த ஒட்டகம்? ... ஓ. அவர் லீவா? ... போன மாசத்துலேர்ந்தேவா? ... சரி, சரி. எனக்குப் பொய் சொல்ல வராதுன்னு உங்களுக்குத்தான் தெரியுமே."

குடல் வெடித்து வந்த ஒரு பெண். வைரஸ் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்க நேரமில்லை, உடனே வயிற்றைத் திறந்தார்கள். ஆபரேஷனில் நிற்கும் சர்ஜன் தன் முகத்தைத் தானே தொடக்கூடாது. வியர்த்தால் முகத்தைப் பக்கவாட்டில் திருப்புவார், இந்த நர்ஸ் துடைத்துவிடுவார். கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை, பல வருடப் பழக்கம். அன்று அத்தனை கவசத்துக்குள்ளும் அவர் திருப்பினார், இவர் துடைத்தார். முகத்திரைக்குள் போன கை, மாஸ்க்கின் மேல்விளிம்பை மூக்கிலிருந்து நகர்த்திவிட்டது. ரத்தம் கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அதை யார் பார்த்தார்கள்? மறுநாள்தான் அந்தப் பெண்ணுக்குத் தொற்று என்று தெரிந்தது. நாலு நாளில் சர்ஜனும் படுத்தார். நர்ஸுக்கு ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. அதுதான் நர்ஸை இன்னும் வதைத்தது.

"கேளுங்க. குறுக்க பேசாதீங்க, எனக்கு மூச்சு... ம். சரி, அங்கதான் வந்திருக்கும். ஆனா மூஞ்சியைத் திருப்பினது யாரு? ... நீங்க துடைக்கலேன்னா வேர்வை கண்ணுல இறங்கியிருக்கும். அந்த ரத்தக்குழாயை நான் புடிச்சிருக்கவே மாட்டேன். அந்தப் பொண்ணு நேத்து வீட்டுக்குப் போயிடுச்சு சிஸ்டர். நடந்தே போச்சாம். ... ஆமா. ... ஆமா, ஆமா. அது நாம ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணின வேலை. அதுல பாதியைத்தான் எடுத்துக்குவீங்க, இதை மட்டும் முழுசா நீங்களே சுமப்பீங்களா?"

இருமல் வந்தது. போனைத் தள்ளிப் பிடித்து இருமினார், அப்படியும் கேட்டிருக்கும்.

"ஒண்ணுமில்ல, தண்ணி குடிச்சேன். ... எண்ணணுமா? எதுக்கு? ... சரி, சரி. ஒண்ணு, ரெண்டு, மூணு... நாலு..."

மூச்சு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, நோயாளியை ஒரே மூச்சில் எண்ணச் சொல்வது ஆஸ்பத்திரி வழக்கம். அவருக்கு ஐந்து வரவில்லை. மறுமுனையில் இருந்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"... ஆமா. டியூப்தான். ... இப்பவே. வெளியே டிரெஸ் மாட்டிக்கிட்டு இருக்காரு. ... இல்ல, வீட்டுல இன்னும் பேசல. முதல்ல உங்ககிட்ட... ... திட்டாதீங்க சிஸ்டர். ... என்னது? இன்னைக்கேவா? டூட்டி மாத்திக்கிட்டு இந்த வார்டுக்கா? ... நான் தூங்கிட்டுத்தானே இருப்பேன், நீங்க வந்தது எனக்குத் தெரியக்கூடத் தெரியாதே. ... ம். ... ம். சரி, வாங்க. கவசத்தை மட்டும் ஒழுங்கா... சிஸ்டர்? ... ஹலோ?"

நர்ஸ் வைத்துவிட்டார். இத்தனை வருடத்தில் சர்ஜன் பேசி முடிக்கும் முன் அவர் போனை வைத்ததே இல்லை. மிச்சமிருக்கிற மூச்சு யாருக்குச் சேர வேண்டியது என்று நர்ஸுக்குத் தெரிந்திருந்தது.

மயக்க மருந்து டாக்டர் கதவருகே வந்து நின்றார். இன்னும் ஒரு போன் என்று விரலைக் காட்டினார் சர்ஜன். டாக்டர் தலையாட்டிவிட்டு அங்கேயே நின்றார். வீட்டு எண்ணை அழுத்தியதும் மனைவி எடுத்துவிட்டாள். சொல்ல வேண்டியதை எல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தவர் வாயைத் திறந்தார், வெறும் காற்றுதான் வந்தது. அவளுக்கும் புரிந்துவிட்டது போலிருக்கிறது, அவளே பேச ஆரம்பித்தாள். கதவு திறக்கிற வரைக்கும் அவர் ம் கொட்டிக்கொண்டிருந்தார்.