ஏழாவது வரி

இல்லீங்க ஏட்டய்யா, முன்ன பின்ன எழுதாதீங்க. வரிசை தப்புனா கேஸே தப்பிரும். இருபத்தெட்டு வருசம் எஸ்டேட் சங்கத்துக்கு நோட்டீஸ் எழுதுன இசக்கிமுத்துவோட கைங்க இது. இதே ஸ்டேசன்ல இதே பெஞ்சுல எத்தனை நாள் உக்காந்திருக்கறேன். நடந்த தப்ப நடந்த வரிசையிலயே சொல்றனுங்க.

ஒண்ணு. எங்க கூட்டாளி ஜஸ்டஸ் அன்னைக்கு லேட்டா வந்தான். எங்க எஸ்டேட் குளத்துல எட்டரைக்கு மேல காத்து எந்திரிச்சிரும். தண்ணி அசையாம கெடக்கறப்ப ஓட்டுனாத்தான் ரிமோட்டுல ஓடற எங்க சின்ன போட்டோட நெசமான வேகம் தெரியும். அவன் வந்தப்பவே மணி எட்டு.

ரெண்டு. ஒரே நாள்ல ரெண்டு சாமான மாத்துனான். பின்னாடி சுத்தற புரொபெல்லரையும் மாத்துனான், ரிமோட் சொல்றத உள்ள இருந்து கேக்கற ரிசீவரையும் மாத்துனான். ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாத்தந்தாங்க எங்க சட்டம். ரெண்ட மாத்திப்போட்டா வேகம் எதுனால கூடுச்சுன்னு நோட்டுல என்னத்த எழுதறது?

மூணு. காளியம்மாள் தேயிலைக் கொழுந்துக் கூடைய எறக்கி வெச்சுட்டு, அக்கரையில கை கழுவக் குனிஞ்சாங்க. கிட்ட வரக்கூடாதுன்னு இன்னொரு கூட்டாளி விஜயன் அங்க செவப்புக் கொடிய நட்டுத்தான் வெச்சிருந்தான். பாத்திருக்கோணும்.

இல்லீங்க. மூணை அடிச்சிருங்க. கை கழுவறது எந்த ஊர்லீங்க தப்பு.

என்னங்க, பொம்மையா? மூணு கிலோங்க அந்த போட்டு. நேரா ஓடுனா பைக் தோத்துப் போகும். பொம்மைன்னா காளியம்மாளோட ரெண்டு வெரல எடுக்குமுங்களா? அதுவும் சோத்துக் கை. அந்தம்மாவுக்குப் பஞ்சப்படி வேணும்னு ஏழு நாள் எஸ்டேட் கேட்டு வாசல்ல உக்காந்தவன் நானு.

நான் எப்படி இதுக்குள்ள வந்தேன்னு கேக்கறீங்க. எஸ்டேட்ல என்னைய வெளிய தள்ளுனாங்க, அப்பறம் சங்கத்துலயும் பெரிய சால்வையாப் போட்டு மூலையில உக்கார வெச்சுட்டாங்க. ஜஸ்டஸ்தான், அண்ணே, சும்மா உக்காந்து சுவத்தத் திட்டறதுக்கு எங்க கூட வாங்கண்ணான்னு கூட்டிட்டுப் போனான். அவன் குந்தா பவர் ஹவுசுல காண்ட்ராக்ட் எலக்ட்ரீசியன். போனா அங்க ஒரு ஒழுங்கும் இல்லீங்க. பேட்டரி சார்ஜ் இல்லாம வர்றதும், மூடிக்கு டேப் ஒட்ட மறந்ததால போட்டு முழுகறதும். காலையெல்லாம் அதுலயே போயிரும், ஒரு ஓட்டம் உருப்படியா நடக்காது.

நான்தான் பாக்க வேண்டியதப் பத்து வரியா ஒரு சீட்டுல எழுதுனேன். போட்டு தண்ணியில எறங்கறதுக்கு முன்னால ஒவ்வொரு வரியா நான் சத்தமா வாசிப்பேன். அந்த வேலைய யாரு பாத்ததுன்னு அவன் பேரையும் வாசிப்பேன். மத்தவங்க ஆமாம்னு சொல்லோணும். ஸ்ட்ரைக் கூட்டத்துல அப்படித்தாங்க, பேரச் சொல்லி நாலு பேரு கேட்டாத்தான் அது பொறுப்பு. அதுக்கப்பறம் ஒரே காலையில ஆறு ஓட்டம் ஓட்டுனோம்.

ஏழாவது வரிங்களா? அங்கதான் வர்றேன். போட்டக் கரையில தூக்கிப் புடிச்சு, மோட்டார ஓட விட்டு, ரிமோட்ட அணைக்கோணும். அணைச்சா மோட்டார் நிக்கோணும். நிக்காட்டி அது சிக்னல் விட்டுப் போறப்ப போன போக்குல போகும். ரிசீவர் மாத்துன நாள்ல அதத்தான் மொதல்ல பாக்கோணும். ஆமாங்க, அன்னைக்கு அதான் ஆச்சு. பாதிக் குளத்துல சிக்னல் போச்சு, நேரா அக்கரைக்கு ஏறிருச்சு.

ஆறு வரி வாசிச்சு முடிக்கறப்ப காத்து எந்திரிச்சு தண்ணியில மொத சுருக்கம் விழுந்துருச்சுங்க. ஜஸ்டஸ் சிரிச்சுட்டே சொன்னான், அண்ணே, ஃபேக்டரியத்தான் நிறுத்திப் பழகிட்டீங்க, இதையாச்சும் ஓட விடுங்கன்னு. விஜயனும் சிரிச்சான். வெளையாட்டுக்குத்தான். ஆனா என்னைய எங்க குத்தோணுமோ அங்க குத்திருச்சு. ஏழு, பாத்தாச்சுன்னு வாசிச்சுட்டு டிக் போட்டுட்டேன். பேரு வாசிக்கல. ஆமாம்னு ரெண்டு பேரும் சொன்னாங்க. நான் பொய் வாசிப்பேன்னு யாருங்க நெனைப்பாங்க?

அந்தச் சீட்டுதானே உங்க கையில இருக்குது. ஏழாவது வரிக்கு நேரா ஜஸ்டஸ்னு இருக்குது, சரிதானுங்க. மத்த வரியெல்லாம் நீல மை, அது மட்டும் கருப்பு. அந்தம்மாவ ஜீப்புல ஏத்திக் கொண்டு போய்ச் சேத்துட்டு, ஆஸ்பத்திரி வாசல்ல பேனா கடன் வாங்கி நான் எழுதுனது.

அவனுக்கு அடுத்த மாசம் பர்மனென்ட் ஆர்டர் வருது. கேஸுல பேரு வந்தா வராது. அது அவனுக்கும் தெரியும். சீட்டப் பாத்தான், என்னையப் பாத்தான், அண்ணன் எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு உங்ககிட்டயே சொல்லிட்டு வெளிய போய் உக்காந்துட்டான். திட்டியிருந்தான்னா நானும் பதிலுக்குத் திட்டிப்போட்டு ஊட்டுக்குப் போயிருப்பேன்.

எத்தனை மேனேஜர் பேர நோட்டீஸுல ஏத்துனேன். தப்புன்னு என் பேர ஒரு காயிதத்துலயும் எழுதுனதில்லீங்க.

அவன உள்ள வரச் சொல்லுங்க. விஜயனையும். காளியம்மாள் கட்டோட வெளிய நிக்கறாங்க, அவங்கள மொதல்ல உக்கார வைங்க. சீட்ட இப்படிக் கொடுங்க, கண்ணாடி இருக்குது.

கேட்டுக்கோங்க. ஏழு. ரிமோட்ட அணைச்சு மோட்டார் நிக்குதான்னு பாக்கல. பாக்காம டிக் போட்டது, இசக்கிமுத்து.

ஆமாம்னு சொல்லுங்க.