நாற்பதாம் பக்கத்தைத் தாண்டாதவருக்கு

முப்பத்தோர் ஆண்டுகள் எங்கள் பதிப்பகத்தின் பின்னட்டைக் குறிப்புகளை எழுதி ஆண்டவரே! பத்து வரியில் வாசகரைப் பிடித்தவரே! பணியாளர் எங்களைப் படாதபாடு படுத்தியவரே! வணக்கம்.

இன்று ஓய்வு பெறும் தங்களை, எங்களிடம் பொறுமை மிச்சமிருக்கும் அளவுக்குப் பாராட்டுகிறோம்.

எந்த நூலையும் நாற்பது பக்கத்தைத் தாண்டிப் படிக்காதவர் தாங்கள். பின்னட்டையின் முதல் வரியில் ஒரு பெண்ணைத் தனியே நிற்க வைப்பீர்கள். அடுத்து அவளுக்கு ஒரு கடிதம் வரும். பிறகு ஓர் ‘ஆனால்’. கடைசியில் ஒரு கேள்வியோடு பேனாவை மூடிவிடுவீர்கள். “எல்லாத்தையும் சொல்லிட்டா எதுக்குய்யா வாங்குவான்?” என்பது தங்கள் வேதம். சமையல் நூலுக்கே, “அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். ஆனால்?” என்று எழுதிய கை அது.

வசை வாங்கியது விற்பனை மேசை. “அந்தக் கடிதம் எங்கம்மா? புஸ்தகம் பூரா தேடிட்டேன்” என்று வாசகர் ஒருவர் சண்டைக்கு வந்தார். தாங்களோ, “ரெண்டாம் பதிப்புக்கும் சேர்த்து அட்டை அடிச்சாச்சு. கதைல ஒரு கடிதம் சேர்க்கச் சொல்லுங்க” என்றீர்கள். எழுத்தாளரும் சேர்த்தார். என்ன சொல்வது?

எங்கள் தட்டச்சு அக்கா, இருபது ஆண்டுகளாகப் பிறர் கதைகளைத் தட்டியவர். தாம் எழுதிய முதல் நாவலைத் தங்கள் மேசையில் வைத்து ஏழு மாதமாகிறது. அரை மணியில் பின்னட்டை எழுதும் தாங்கள், இதற்கு மட்டும் நாளை, நாளை என்றீர்கள். உள்பக்கங்கள் அச்சாகிக் கட்டுக்கட்டாகக் கிடக்க, அட்டையின் பின்புறம் வெறுமையாகவே இருந்தது.

“நல்லா இல்லைன்னா சொல்லிடுங்க சார். நான் தட்டச்சோடவே இருந்துக்கறேன்” என்று அக்கா நேற்றுக் கேட்டேவிட்டார். அலுவலகமே தங்கள் மேசையைச் சூழ்ந்தது. தாங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள்.

“முழுசாப் படிச்சுட்டேன்மா. ரெண்டு தடவை. எங்க நிறுத்தறதுன்னு தெரியல.”

இதை வாய்விட்டுச் சொல்ல ஏழு மாதமா ஐயா?

ஆகவே தங்கள் அனுமதி கேட்கவில்லை. “முழுவதும் படித்தேன், இரண்டு முறை” என்ற ஒற்றை வரியோடு அட்டை இன்று காலை அச்சுக்குப் போய்விட்டது. அதில் கேள்வி இல்லை, ‘ஆனால்’ இல்லை. அட்டையின் ப்ரூஃப் தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்ட அக்கா, எவருக்கும் தர மறுக்கிறார்.

தங்கள் பின்னட்டையோடு வெளிவந்த மற்ற நானூற்றுச் சொச்சம் நூல்களும் மூட்டையாக வாசலில் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் நாற்பத்தோராம் பக்கத்திலிருந்து படித்து முடிக்கும்வரை, கண்ணொளி குன்றாமல், உடல்நலத்தோடு நீடு வாழ்க!

தங்களால் தலைவலி கண்ட,
பதிப்பகப் பணியாளர்கள்