கழுகுக்குக் கணக்கு வராது

சரி, புத்திமதி போதும்... மண்டபத்துல உக்காந்திருக்கிற உங்களுக்கும் கண்ணு சொருகுது, எனக்கும் நாக்கு வறளுது. என் வீட்டுல நடந்த ஒண்ணைச் சொல்றேன், கேளுங்க. எட்டாவதோட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட இந்தப் பம்புசெட் மெக்கானிக் சூசை, எப்படி அசடு வழிஞ்சான்னு ஒரு குட்டிக் கதை.

என் மக அமலி பறவைகளைப் பத்திப் படிக்கிறா. போன கோடை லீவுக்கு வந்தவ, தினமும் விடிஞ்சதும் கேமராவைத் தூக்கிக்கிட்டு மலை மேல இருக்கிற அணைக்குப் போயிடுவா. "மீன் கழுகு கூடு கட்டிக் குஞ்சு பொரிச்சிருக்குப்பா"ன்னா. நல்லது. ஆனா எதுக்கு அழுக்குப் பச்சைச் சட்டை? பளிச்சுன்னு உடுத்தியிருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன், அது வேற விஷயம்! செல்போனை ஏன் அணைச்சு வைக்கிறா? மூணு வாரமா எடுத்தும் முடியாத போட்டோ... அது என்ன போட்டோ? எங்க அந்தோணியார் திருவிழாவுல ஊரையே அஞ்சு நிமிஷத்துல எடுத்துடுறாங்களே!

என் வீட்டுக்காரி ஃபிலோமி சொன்னா: "ஏங்க, அவகிட்டயே கேட்டுட வேண்டியதுதானே?"

"கேட்டா உஷாராயிடுவாடி!"

புத்தியைப் பாருங்க... பெத்த மகளைப் பிடிக்க இந்த அப்பன் போலீஸ் ஆயிட்டான்.

ஒருநாள் பின்னாலயே போனேன். அணைக்கரையில ஒரு வாலிபன் நின்னான். கூடப் படிக்கிற குமரேசன்னு பின்னாலதான் தெரிஞ்சுது. ரெண்டு பேரும் சரிவுல ஏறினாங்க. அங்க தழை போட்டு மூடின பச்சைத் துணிக் கூடாரம். ரெண்டு பேரும் உள்ள போனாங்க. ரெண்டே நிமிஷம்... அவன் மட்டும் வெளிய வந்தான். திரும்பிக்கூடப் பாக்காம கையை வீசிக்கிட்டு இறங்கிட்டான்.

ரெண்டு பேர் போனாங்க. ஒருத்தன் வந்தான். என் மக எங்க? பேச்சு இல்ல... அசைவு இல்ல... அவளை என்ன பண்ணிட்டான்?

"அமலீ!"ன்னு கத்திக்கிட்டே ஓடி, துணியைக் கிழிச்சேன். உள்ள முக்காலியில என் மக, கேமராவுல கண்ணை வச்சு, வாயில விரலை வச்சு... எதிர் மரத்துல கூட்டுல இருந்த கழுகு எழுந்து பறந்துடுச்சு. ரெண்டு குஞ்சு, பஞ்சு மாதிரி, வெயில்ல கிடக்குது. ரெண்டு காக்கா மேல வட்டம் போட ஆரம்பிச்சுது.

அமலி என் கையைப் பிடிச்சு இழுத்தா: "வாங்கப்பா. நாம போனாத்தான் தாய் திரும்பும். இல்லேன்னா காக்கா கொத்திடும்."

கரைக்கு ஓடி வந்து பாத்துக்கிட்டு நின்னோம். அப்பத்தான் சொன்னா: "அதுக்குக் கணக்கு வராதுப்பா. ரெண்டு பேர் வந்து ஒருத்தர் போனா, கூடாரம் காலின்னு நம்பிடும். கூடாரத்தைத் தினம் நாலடியா கூட்டுப் பக்கம் நகர்த்தி நகர்த்தி, மூணு வாரமாப் பழக்கினேன்."

ஒரு காக்கா கூட்டு விளிம்புல உக்காந்துடுச்சு. எனக்கு எந்த ஜெபமும் வாயில வரல. அப்ப... வந்தா பாருங்க தாய்! காக்கா பறந்த பறப்பு இருக்கே!

அமலி மூக்கை உறிஞ்சிக்கிட்டே, "கேட்டிருக்கலாமேப்பா"ன்னா. அவ்வளவுதான். அதுக்குத் திட்டியே இருக்கலாம்.

மூணு நாள் அந்தப் பக்கமே போகல. நாலாம் நாள் குமரேசன் ஊருக்குப் போயிட்டான். அமலி கேட்டா: "அப்பா, நீங்க வர்றீங்களா? ஆனா என்னை விட்டுட்டுத் திரும்பிப் பாக்காம இறங்கிடணும்."

போனேன். விட்டேன். இறங்கினேன். மோட்டாரை ஒத்த ஆளாத் தூக்கினவன் நான்... கூடாரத்துல இருந்து கரை வரைக்கும் அந்த இருநூறு அடி மாதிரி கஷ்டம் பாத்ததில்ல.

இந்த மண்டபத்துல இருக்கிற அப்பாமார்களே... உங்களுக்குக் கணக்கு வரும், அதான் வம்பு! எத்தனை மணிக்குப் போனா, யார் கூடப் போனா, எப்ப வந்தா... எண்ணுறோம், எண்ணுறோம், ஒரு வார்த்தை கேட்டோமா? கேளுங்க. கூடப் போங்க. அவங்க வேலை ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் போங்க. அப்புறம் திரும்பி நடங்க.

கழுத்து பின்னால இழுக்கும். எனக்கும் இழுத்துச்சு... நடங்க.