பறக்கத் தகுதி உண்டு

பிரஷர் ஏறாம என்ன செய்யும் டாக்டரம்மா? நான் ஓட்டுறது ஆறு பேர் உக்கார்ற ஒத்தை எஞ்சின் ப்ளேன். பின் சீட்டையெல்லாம் கழட்டிப் போட்டுட்டு, பண்ணையிலேர்ந்து மாட்டுக்கறி ஏத்திக்கிட்டு வரேன். மழைக்காலத்துல எங்க பேனி மாகாணம் முழுக்கத் தண்ணி, ரோடு ஏது?

இல்லம்மா, சிகரெட் கிடையாது. குடி ஞாயித்துக்கிழமை மட்டும். எழுதிக்குங்க.

பறக்கறது சுளுவும்மா. ஏறுறதும் எறங்குறதும்தான் வம்பு. எங்க ஓடுதளம் வெறும் புல்லுத் தரை. எறங்குமுன்னாடி தாழப் பறந்து மாட்டை வெரட்டணும். நாலு தடவை வெரட்டுன மாடு அஞ்சாந் தடவை நிமிந்துகூடப் பாக்கறதில்ல. வெயில் ஏறிச்சுன்னா காத்து இளகிரும், எறக்கை பிடிக்காது. புல்லு நனைஞ்சிருந்தா சக்கரம் ஓடாது. இதையெல்லாம் எங்க மொதலாளி டொன் அனீபல்கிட்டச் சொல்லிப் பாருங்க. கறி விக்கிறப்பதான் அவருக்குத் தராசு. ப்ளேன்ல ஏத்துறப்ப கண்ணாலயே எடை போட்டுருவாரு.

ஆமா, வேலியைத் தாண்டின அந்தக் கதைதான். உங்க காதுக்கும் வந்துருச்சா?

அன்னைக்கு விடிய விடிய மழை. பதினோரு மணிக்குப் பாத்தா வெயில் சுள்ளுன்னு அடிக்குது. ரெண்டு மாட்டுக் கறி ஏத்தியாச்சு. போதும்ங்கறேன், இன்னும் ரெண்டு தொடையைத் தூக்கிப் போடறாரு. அப்பப் பாத்து பண்ணைப் பள்ளிக்கூடத்து நெல்வி டீச்சர் கன்னத்தைப் பிடிச்சிக்கிட்டு வர்றாங்க. பல்லு வலி, ஊருக்குப் போயே ஆகணும். என் பக்கத்து சீட்டுல ஏத்திட்டாரு. இன்னொரு நடை வரேன்னு சொன்னேன். அதுக்கு அவரு, என்ன ஹோர்மாண்டோ, வயசாயிருச்சான்னாரு. அவ்வளவுதான். மூணு பிள்ளைக்குத் தகப்பன், அந்த ஒத்தை வார்த்தைக்கு ரோஷப்பட்டுக் கிளப்பிட்டேன்.

ஓடுது, ஓடுது, வேகமே எடுக்கல. பாதியில நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல. கடைசில முள்கம்பி வேலி. ஸ்டியரிங்கை இழுத்துப் பிடிச்சுத் தூக்கினேன். தாண்டிட்டோம். ஆனா மூக்கு வானத்தைப் பாக்குது, வேகம் செத்துப் போச்சு, விழப் போறோம்னு ஊதல் அலறுது. அப்ப ஸ்டியரிங்கை முன்னாடி தள்ளி மூக்கைக் கீழ எறக்கணும். தரை பத்தடியில இருக்கறப்ப, தரையைப் பாத்தே எறக்கணும். மனசு ஒப்புமா சொல்லுங்க? ஆனா அதுதான் வழி, அப்பத்தான் வேகம் வரும். எறங்குச்சு. வேலிக்கு அந்தாண்ட தேங்கின தண்ணியைத் தொடறாப்ல போயி, மெல்ல ஏறிட்டோம்.

அப்புறம் ஒரே கொண்டாட்டம். டொன் அனீபல் கன்னுக்குட்டியைச் சுட்டு விருந்து வெச்சாரு. மத்த பைலட்டுங்கள்லாம் வந்து, எப்பிடி அண்ணே அந்த நேரத்துல முன்னாடி தள்ளணும்னு தோணுச்சுன்னு கேக்கறானுங்க. நானும் சொல்லிக் குடுத்தேன்ம்மா. ரெண்டு மணி நேரம் சொல்லிக் குடுத்தேன்.

காதா? நல்லாக் கேக்குது. கண்ணும் கடைசி வரி வரைக்கும் தெரியுது. அதான் பிரச்சனையே.

உங்ககிட்ட மட்டும் சொல்றேன். என் கை மரமாட்டம் நின்னு போச்சு. இழுத்த பிடியை விடவே முடியல. டீச்சர்தான் பயத்துல மயங்கி முன்னாடி சாஞ்சாங்க. அவங்க பக்கமும் ஒரு ஸ்டியரிங் உண்டு, ரெண்டும் ஒண்ணாத்தான் அசையும். அதுமேலயே விழுந்தாங்க. மூக்கு எறங்கினது அப்பிடித்தான். அப்புறம் அவங்க தோளைப் பிடிச்சுப் பின்னாடி சாச்சது மட்டுந்தான் நான் செஞ்ச வேலை. அது அவங்களுக்கே தெரியாது. கண்ணு முழிச்சதும் என் கையைப் பிடிச்சிக்கிட்டு, இந்தக் கைதான் காப்பாத்துச்சுன்னு ஒரே அழுகை.

இப்ப டொன் அனீபல் மூணு மாடு ஏத்துங்கறாரு. உன்னால முடியாததாங்கறாரு. நாளைக்கு டீச்சரும் வர்றாங்க, ஹோர்மாண்டோ ஓட்டினாத்தான் ஏறுவேன்னுட்டாங்க. பயமா இருக்குன்னு நான் சொன்னா, என்ன ஒரு தன்னடக்கம்னு சிரிக்கறாங்க.

ஒரு நிமிஷம்மா, அந்தத் தகுதி முத்திரையைக் குத்திடாதீங்க. காதோ, இதயமோ, எது வசதியோ அதைப் போட்டு, பறக்க லாயக்கில்லைன்னு எழுதிக் குடுங்க. பொய்யா எழுதச் சொல்லல. காரணத்தை மட்டுந்தான் மாத்தச் சொல்றேன்.