ஆட்டுக்கு வூடு கட்டுன மாப்ள

இல்ல சார், தினகரனுக்குப் பைத்தியம்லாம் இல்ல. யாரு சொன்னது, தெருமுனையில இஸ்திரி போடுறவரா? அவரு அப்டித்தான் சொல்லுவாரு. தேச்சு வச்ச வேட்டிய ஆடு தின்னுடுச்சு, அந்தக் கடுப்பு. உக்காருங்க சார். அந்த சேர் வேணாம், கால் ஆடும், இதுல உக்காருங்க.

பொண்ணு உங்களுக்கு இன்னா வேணும்? அண்ணன் பொண்ணா? நல்லது. பொண்ணு குடுக்கறதுக்கு முன்னாடி அக்கம்பக்கத்துல விசாரிக்கணும், தப்பே இல்ல. நா ஜான்சி. பெருங்களத்தூர்ல ஒரு லேப்ல ரத்தம் எடுக்கற வேல. சின்னதுலேர்ந்து இந்த பீர்க்கன்கரணைதான், தினகரன் வூட்டுக்கும் எங்க வூட்டுக்கும் ஒரே காம்பவுண்டு செவுரு. கேளுங்க, சொல்றேன்.

வேலையா? மெயின் ரோட்டுல ஜெராக்ஸ் கட, சொந்தக் கட. குடி கெடையாது, சிகரெட் கெடையாது. வூட்ல அம்மா மட்டுந்தான், சாமுண்டீஸ்வரி அம்மா. எல்லாம் சரி சார். ஆனா ஆடு ரெண்டு கீது. அத மறைச்சு நல்ல மாப்ளன்னு சொன்னா எனக்குப் பாவம்.

போன வருசம் பொங்கலுக்கு முன்னாடி நாளு. பெருங்களத்தூர் டிராபிக் தெரியுமில்ல? ஊருக்குப் போற பஸ்ஸு, காரு அல்லாம் சேந்து நின்னுகினு, ஒரு வண்டியும் நவுரல. தினகரன் ஸ்கூட்டர்ல நடுவுல மாட்டிகினாரு. முன்னாடி ஒரு குட்டியான வண்டி, பின்னாடி பூரா ஆடு. அதுல ஒண்ணு எகிறி குதிச்சு, நேரா வந்து இவரு ஸ்கூட்டர்ல கால் வைக்கிற எடத்துல ஏறி நின்னுகிச்சு. பள்ளையாடு சார், குட்டையா, குண்டா இருக்குமே, அது. இவரு ஆரன் அடிச்சு கூப்புடுறாரு. வண்டிக்காரன், நா மட்டும் இன்னா பறந்தா போவ முடியும்னு திட்டுறான். திடீர்னு வழி கெடைச்சுது, அவன் பூட்டான்.

திரும்பி வருவான்னு இவரு பஸ் ஸ்டாப்புல ஆட்டப் புடிச்சுகினு நின்னாரு. ஊருக்குப் போறவங்கல்லாம் ஆட்டோட செல்பி எடுத்துகினு போனாங்க, ஆட்டுக்காரன் வரல. ஸ்டேஷன்ல போய் சொன்னா, இத கட்டி வைக்க எங்களுக்கு எடமில்ல, யாராவது தேடினு வந்தா கூப்புடறோம், அது வரிக்கும் நீயே வச்சுக்கோன்னுட்டாங்க.

அதுக்கப்பறம் இந்தத் தெருவே தூங்கல சார். ஒத்த ஆடு, மே மேன்னு ஒரே கத்து. சாமுண்டீஸ்வரி அம்மா டிவி சவுண்ட கூட்டுனாங்க, அதுவும் சவுண்ட கூட்டுச்சு. கால்நட டாக்டர் கிட்ட இட்டுகினு போனா, அவரு பாத்துட்டு, நோவு ஒண்ணும் இல்லப்பா, தனியா கீது, அதான் அழுவுது. ஆடு ஒத்தையா இருக்காது, தொணைக்கு ஒண்ணு வாங்கி விடுன்னாரு. இவரும் இன்னொரு பொட்டயா பாத்து வாங்கினு வந்தாரு. கத்தல் நின்னுபோச்சு. ஆனா ரெண்டுத்தையும் எங்க வைக்கறது? அங்க ஆரம்பிச்சுது பேஜாரு.

மொதல்ல மாடிப்படிக்குக் கீழ வச்சாரு. அங்க ஈரம், காத்து வராது, ரெண்டும் தும்மிகினே கெடந்துச்சு. சரின்னு கார் ஷெட்டுக்கு மாத்துனாரு. அங்க தினகரனோட மச்சான் ஊருக்குப் போறேன்னு காரு நிறுத்திட்டுப் போயிருந்தாரு. ஆடு ஏறாம இருக்குமா? காரு மேல நின்னுகினு ரெண்டும் தெருவ வேடிக்க பாக்குதுங்க, ஏதோ எலக்‌ஷனுக்கு ஓட்டு கேக்கற மாதிரி. காரு கூரை பள்ளமாயிடுச்சு. மச்சான் இன்னி வரிக்கும் பேசறதில்ல.

திரும்ப டாக்டர் கிட்ட போனாரு. சின்ன ஆடுதான், உள்ள படுக்க ஒண்ணுக்கு பத்து சதுர அடி போதும், வெளிய ஓடியாட அதவிட ரெண்டு மூணு பங்கு விடு, தரை ஈரமில்லாம ஒசரமா இருக்கட்டும், இல்லன்னா குளம்பு அழுவிடும், மழ தெறிக்கக்கூடாது, ஆனா காத்து வரணும்னாரு. அவரு சாதாரணமா சொன்னத இவரு கோயில் கட்டற மாதிரி எடுத்துகினாரு சார். இடுப்பு ஒசரத்துக்கு ஹாலோ பிளாக்கு. அதுமேல மரப்பலக, புழுக்க கீழ விழ நடுநடுவுல இடுக்கு. மேல தகரம். கெழக்கால ஜன்னலு, அதுக்குக் கொசுவல! சாமுண்டீஸ்வரி அம்மா கத்துறாங்க, டேய், என் பாத்ரூம் தாப்பா வுழுந்து எத்தினி மாசமாவுது, யாரும் வந்துடக் கூடாதுன்னு நா பாடிகினே குளிக்கறேன், ஆட்டுக்குக் கொசுவலையான்னு.

இதுல இன்னொரு கூத்து. மொதல்ல வந்த ஆடு வாசல்ல குறுக்க படுத்துகினு, பின்னாடி வந்தத உள்ளயே விடல. இவரு கடைய மூடிட்டு ஒரு நாள் பூரா எதுர்ல உக்காந்து பாத்தாரு. அப்பறம் அந்தப் பக்கம் இன்னொரு வாசல் அறுத்து விட்டாரு. ரெண்டு வாசல்லயும் ஒரே ஆடு படுக்க முடியாதுல்ல? சண்ட முடிஞ்சுபோச்சு. கேக்க சிரிப்பாத்தான் கீது, ஆனா அத உக்காந்து பாக்கறதுக்கு ஒரு மனசு வேணும்ல சார்?

இன்னாது, புகழறேனா? சேச்சே, கொறதான் சொல்லிகினு கீறேன்.

மே மாசம் கேளுங்க. மத்தியானம் துணி காயப் போட வந்தா, ஆட்டு வூட்டு வாசல்ல ரெண்டு காலு வெளிய நீட்டிகினு கீது. மனுசக் காலு! நா போட்ட கூச்சல்ல தெருவே ஓடியாந்துச்சு. ஒருத்தரு நூத்தியெட்டுக்கு போன் பண்றாரு. இஸ்திரிக்காரரு துணிக்குத் தெளிக்கற தண்ணிய மூஞ்சில அடிக்கிறாரு. தினகரன் எழுந்து உக்காந்து, தகரம் ரொம்ப காயுது, மேல கீத்து போடணும்னு சொல்றாரு. சூடு எவ்ளோன்னு படுத்துப் பாத்தாராம். அப்டியே தூங்கிட்டாராம்.

நீங்களே சொல்லுங்க, உங்க அண்ணன் பொண்ணுக்கு இது தாங்குமா?

இல்ல, முழுசா கேட்டுட்டுப் போங்க. கார்த்திகையில ஏரி நெம்பி தண்ணி தெருவுக்கு வந்துச்சு. எங்கப்பா அந்தோணிசாமி ஊர்ல இல்ல, வூட்ல நா மட்டுந்தான். முட்டிக்கால் தண்ணி உள்ள. மொட்ட மாடிக்குப் போனா அங்க சாத்துது மழ. தெருவுலயே காஞ்ச எடம் எது? ஆட்டு வூடு! தினகரன் வந்து செவுரு மேல கைய குடுத்து என்னத் தூக்கிவிட்டு அதுல உக்கார வச்சாரு. ஏற்கெனவே அவங்கம்மா உள்ள காப்பி பிளாஸ்க்கோட உக்காந்துகினு கீறாங்க. ரெண்டு பக்கமும் ரெண்டு ஆடு. இவரு வெளிய, தண்ணியில, கொடைய புடிச்சுகினு நிக்கிறாரு. நீங்களும் ஏறுங்கன்னேன். இல்லங்க, தலைக்கு பத்து சதுர அடி வேணும், இப்பவே அதிகம், ஆடுங்களுக்கு மூச்சு முட்டும்ங்கறாரு. கொட காத்துல திரும்பிகிச்சு, அப்பயும் அத புடிச்சுகினே நிக்கிறாரு சார். எனக்கு சிரிப்பு வந்துச்சு, கூடவே இன்னாவோ பண்ணுச்சு. நா ஓரமா நவுந்து ஒக்காந்து, ஏறி வாங்கன்னு கையப் புடிச்சு இழுத்தேன்.

அப்போ பொண்ணு குடுக்கலாமா வேணாமான்னா... உங்க அண்ணன் பொண்ணு போட்டோல லட்சணமா கீது சார். நல்ல எடமா அமையும். ஆனா இங்க வேணாம். தினகரன் கட்டிக்கப் போறது என்னத்தான். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல போன வாரம் எழுதிக் குடுத்தாச்சு. எங்கப்பாக்குத் தெரியும். அவங்கம்மாக்குதான் சொல்ல ரெண்டு பேருக்கும் தைரியம் வரல, நா சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பொண்ணு, இன்னா சொல்லுவாங்களோன்னு. தயவுசெஞ்சு நீங்க போய் சொல்லிடாதீங்க சார்.

இன்னா சார், சிரிக்கிறீங்க?

யாரு அனுப்புனது உங்கள? சாமுண்டீஸ்வரி அம்மாவா? பக்கத்து வூட்டு ஜான்சிய போய் கேளுங்க, அது சரின்னு சொன்னாதான் ஜாதகம் குடுப்பேன்னாங்களா? அவங்களேவா? சிரிச்சுகினே சொன்னாங்களா? அப்போ அவங்களுக்கு எல்லாமே தெரியுமா!

நீங்க உக்காந்து காபி குடிங்க சார். ஜாதகம் தர வேணாம்னு நா ஒரு எட்டு போய் அவங்க கிட்டயே சொல்லிட்டு வந்துர்றேன்.