டூப்பு விட்ட ஞாயித்துக்கிழமை

...அதெப்படி சார், ஒரு மாசம் உக்காந்து படிச்சவன் தோப்பான், வெங்காயம் உரிச்சுக்கிட்டே ஆடினவ ஜெயிப்பாளா? ஆங், தலையை ஆட்டாதீங்க, காது ரெண்டும் உங்களுக்கு வேணும்ல!

பாருங்க, மச்சான் நாற்காலி காலி, சகலை நாற்காலி காலி. கல்லாவுல என் வீட்டுக்காரி இருக்கணும், அவளும் இல்ல. மொத்தப் பேரும் என் பொண்ணு ஸ்கூல் நாடகத்துக்குப் போயிட்டாங்க. கரடி வேஷம் சார்! ரெண்டே வசனம், அதையும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். காலைல கரடித் தலையை மாட்டிக்கிட்டு, "அப்பா, நீ வரலியா?"ங்குது. எனக்கு அழுகையே வந்துருச்சு. பெத்தவன் இங்க உங்க கிருதாவைச் சமம் பண்ணிக்கிட்டிருக்கேன்!

கடையை ஒருத்தர் திறந்தாகணுமே. போக்கர் சீட்டு ஆடுவோம், முதல்ல தோக்கறவர் கடைக்குன்னு பேச்சு. பந்தயத்துக்குத் தீக்குச்சி. நான் யாரு! வீடியோ வீடியோவா பாத்து வச்சிருக்கேன். ஒத்தைக்கு ஒத்தைன்னா நல்ல சீட்டையும், கையில ஒண்ணுமில்லாம விடுற டூப்பையும் அளவா கலந்து ஆடணும், எதிராளிக்குப் பிடியே கிடைக்காது. ஆனா நாலு பேர் உள்ள இருந்தா... அடக்கி வாசிக்கணும் சார். யார் கையிலயாவது நல்ல சீட்டு இருந்து தொலைக்கும்ல!

அதை விட்டா, ஆளைப் பாத்து அடிக்கிறதுன்னு ஒண்ணு இருக்கு. மச்சான் பயந்தாங்கொள்ளி, குச்சியைத் தள்ளினாலே சீட்டைக் கவுத்துருவான். சகலை உடும்புப்பிடி, அவர்கிட்ட டூப்பு விட்டா அம்புட்டுதான். ஒரே ஆட்டத்துல ரெண்டு பேரும் இருந்தா யாரைப் பாத்து அடிக்கிறது? சொல்லுங்க! ...கொஞ்சம் குனியுங்க.

அந்த ஆட்டத்துல என் கையில ஒண்ணுமே இல்ல. இருந்த குச்சி எல்லாத்தையும் நடுவுல தள்ளிட்டேன்! மச்சான் கவுத்தான். சகலையும் கவுத்துட்டாரு சார், சகலை! உள்ளுக்குள்ள குத்தாட்டம் போடுறேன். என் வீட்டுக்காரி வெங்காயக் கையைத் துடைச்சுட்டு, "பாத்துரலாம்"ங்கறா. வெறும் ரெண்டு அஞ்சை வச்சுக்கிட்டு சார்! ரெண்டே ரெண்டு அஞ்சு!

எப்படிடீன்னு கேட்டேன். "நல்ல சீட்டுன்னா உங்க வாய் மூடாது. டூப்புன்னா சத்தமே வராது. கல்யாணமான நாள்லேருந்து பாக்குறேனே"ன்னா. ஹாஹா... எனக்கே சிரிப்பு வந்துருச்சு சார். மத்த மூணு பேரையும் படிச்சேன், என்னைப் படிக்கல!

இதுல கூத்து என்னன்னா... மச்சான் முன்னாடியே சொன்னான், "மாமா, நீங்க நாடகத்துக்குப் போங்க, கடையை நான் பாத்துக்கறேன்"னு. நான்தான், படிச்ச படிப்பு வீணாப் போயிருமேன்னு, அதெல்லாம் முடியாது, ஆடித்தான் ஆகணும்னு பிடிவாதம் பிடிச்சேன்.

ம், ஆச்சு. என்ன சார்? பிடரியில ஏத்தி வெட்டிட்டேனான்னா கேக்குறீங்க?

..............

..............

சார்? எங்க சார் எந்திரிச்சுப் போறீங்க? துணியையாவது கழட்டிட்டுப் போங்க சார்! நான்தான் ஒண்ணுமே சொல்லலியே!