அறுபத்தைந்து வாட் சார்ஜர்

சார்ஜர் வாங்குவதைப் போல எரிச்சலான வேலை வேறு கிடையாது. முனை எல்லாம் ஒரே மாதிரி. எதை எதில் சொருகினாலும் போகும். வேலை செய்யுமா என்பது மட்டும் அந்தச் சனியனுக்குத்தான் வெளிச்சம். நீங்கள் கேட்டதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

என் மனைவி வினோதினி பி.காம். படித்தவள். சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். வீட்டிலிருந்தே லேப்டாப்பில் தேர்வு எழுத வேண்டும். தேறினால் இருவரும் சென்னைக்குக் குடிபோக வேண்டும். அந்த வேலை அவளுக்கு உயிர். எனக்கு எது உயிர் என்று யாரும் கேட்கவில்லை. பழவேற்காடு ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. ஊரில் முறை வைத்து இடம் விடுவார்கள், அதைப் பாடு என்போம். ஊரை விட்டுப் போனவனுக்குப் பாடு இல்லை. இதை அவளிடம் சொன்னால் சண்டை வரும். எனக்குச் சண்டை பிடிக்காது.

அது பழைய லேப்டாப். சார்ஜர் இல்லாமல் அரை மணி நேரம்கூடத் தாங்காது. கூட வந்த சார்ஜர் ஒரு இடிமழையில் புகைந்துபோனது. அதில் என் கை இல்லை. வேறு வாங்கப் பொன்னேரிக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர், இரண்டை எடுத்துவைத்து விளக்கினார்.

“இது போன் சார்ஜர்ணா. அறுவத்தஞ்சு வாட்டுன்னு போட்டுக்கும், ஆனா அந்தக் கம்பெனி போனுக்கு மட்டுந்தான் அவ்ளோ குடுக்கும். லேப்டாப்புல சொருவுனா ஏர்ற மாரி காட்டும், ஏறாது. நீ இன்னொண்ண எத்துனு போ.”

மிகக் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். போன் சார்ஜரையே வாங்கினேன்.

தேர்வன்று சார்ஜ் ஏறும் அடையாளம் திரையில் இருந்தது, சதவீதம் மட்டும் இறங்கிக்கொண்டே போனது. பாதித் தேர்வில் அணைந்துவிட்டது.

“இன்னா மாமா இது, நம்பரு சரியாத்தான கீது?” என்று சார்ஜரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

உப்புக் காற்று என்றேன். எங்கள் குப்பத்தில் ஃபேன் நின்றாலும் டி.வி. போனாலும் உப்புக் காற்றுதான் காரணம். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். மாற்றிக் கொண்டுவரச் சொன்னாள். போய் அதே மாதிரி இன்னொன்று கேட்டேன். “அதான் படிச்சிப் படிச்சி சொன்னனே, மண்டைல ஏறலியா?” என்று கடைக்காரர் நாலு பேர் முன்னால் ஏசினார். அந்த அவமானத்தையும் பொறுத்துக்கொண்டேன். பெண்டாட்டிக்காக எவன் இவ்வளவு பேச்சு வாங்குவான்?

கம்பெனிக்காரர்கள் இரக்கப்பட்டு இன்னொரு நாள் கொடுத்தார்கள். அன்றும் பாதியில் திரை கறுத்தது. போனில் கூப்பிட்டுக் கெஞ்சினாள். இனி முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

லேப்டாப்பைத் தன் தம்பி அர்ஜுனனிடம் கொடுத்துவிட்டாள். பொன்னேரியில் படிக்கிற பையன். மறுநாளே போன் செய்தான். “அக்கா, ஃப்ரெண்டு சார்ஜர் போட்டேன். சும்மா ஜம்முனு ஏறுதுக்கா.”

வினோதினி போனை வைத்தாள். வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எங்கைக்கு ராசியே இல்ல மாமா. தொட்டதெல்லாம் வெளங்காது,” என்றாள். இல்லை என்று நான் சொல்லவில்லை. சொன்னால் பிறகு காரணமும் சொல்ல வேண்டியிருக்கும்.

இப்போது இறால் உரிக்கப் போகிறாள். பேச்சு குறைந்துவிட்டது. வீடு அமைதியாக இருக்கிறது, எனக்குப் பாடும் தவறாமல் வருகிறது. தெரிந்துதான் வாங்கினேன், இரண்டு முறையும். அதை நான் மறைக்கவில்லை.

ஆனால் ஒன்று. அர்ஜுனன் போன் செய்த அன்று, “உன்ன வேற நாயா அலைய வுட்டேனே,” என்று என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. தூக்கி நிறுத்தி, கண்ணைத் துடைத்துவிட்டு, அவளை மன்னித்துவிட்டேன்.